ஓரங்குல விலகல்: ஒரு பழைய டீசல் வான் வண்டியின் நிகழ்வு ஆய்வு

வானைக் கொண்டுவந்தவர் முதலில் கேட்டது பழுதைப் பற்றியல்ல. "அண்ணை, இதை வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள்" என்றார். நான் அவருக்கு ஆறேழு வயதுதான் மூத்தவன். வடஇலங்கையின் வன்னிப் பகுதியில், மாங்குளம் சந்திக்கு அருகே கராச் வைத்திருப்பதால் வானும் லொறியும் ஓட்டும் எல்லோருக்கும் நான் அண்ணைதான். விற்கிற எண்ணத்தோடு வருகிறவர்களின் வண்டியைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு: மனத்தளவில் அவர்கள் அதை ஏற்கெனவே கைவிட்டிருப்பார்கள், கேட்கிற கேள்விக்குப் பாதிப் பதில்தான் வரும்.

எண்பதுகளின் இறுதியில் ஜப்பானில் செய்யப்பட்ட டீசல் வான் அது. இரண்டு லீற்றர் இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே, ஐந்து கியர், பின் சக்கர இயக்கம், பின்னால் பட்டை ஸ்பிரிங், பவர் இல்லாத ஸ்டியரிங் பெட்டி. காலையில் ஒட்டுசுட்டான் பக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னேரம் வாடகை ஓட்டம், அறுவடைக் காலத்தில் ஆசனங்களைக் கழற்றி வைத்துவிட்டு நெல் மூடை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இப்படிப்பட்ட வான்களின் விலை தலைகீழாக ஏறியது. 2025இல் இறக்குமதியைத் திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதிய வான் வாங்குவது இவர்களுக்கு எட்டாத காரியம். ஆகவே, விற்பது என்று அவர் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முறைப்பாடு நான்கு. வான் புறப்படும்போது கீழே "டக்" என்று ஓர் அடி. மணிக்கு 55 கிலோமீற்றர் தாண்டியதும் தரைத் தகட்டில் தேனீக் கூடு போல ஓர் இரைச்சல், ஆசனத்தில் கூச்சம். ஸ்டியரிங் இறுக்கம். நான்காவதுதான் விசித்திரம்: இறுக்கமான ஸ்டியரிங்கோடு வான் நேராகவும் போகவில்லை, இடமும் வலமுமாக அலைந்தது. "பிடித்தால் கல்லு, விட்டால் மாடு" என்றார். இதைவிட நல்ல விவரணையை நான் எந்தக் கையேட்டிலும் வாசித்ததில்லை.

செய்த வேலைகளைக் கேட்டேன். கிளச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் புதிது. நான்கு சக்கரத்துக்கும் பலன்ஸ். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் இரண்டு தடவை. முன் சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான டை ரொட்டுகளின் முனைகள் புதிது. ஸ்டியரிங் பெட்டியை "சரிப்படுத்தியது". ஒரு கராச்சில் பெட்டியையே மாற்றச் சொல்லி, பாவித்த ஜப்பான் பெட்டிக்கு விலையும் சொல்லியிருந்தார்கள். அந்த விலையைக் கேட்ட பிறகுதான் விற்கும் யோசனை வந்திருக்கிறது.

இவற்றை அவர் சொன்னது செலவு வரிசையில். பெரிய தொகை முதலில், சின்னத் தொகை கடைசியில். பணம் போனவர் அப்படித்தான் சொல்வார். எனக்குத் தேவைப்பட்டது நாள் வரிசை. ஒரு பழைய கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, எது முதலில், எது பிறகு என்று கேட்டு எழுதினேன். அரை மணித்தியாலம் பிடித்தது. பள்ளிக்கூட விடுமுறையும் கோயில் திருவிழாவும்தான் அவருக்கு நாட்காட்டி.

ஆவணியில் சிறுபோக அறுவடை. மூடை ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்குகளில் ஒவ்வொரு பட்டை கூட்டிப் போட்டிருக்கிறார். கார்த்திகையில் மாரி வெள்ளம். ஒரு மதகடியில் வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் இடப்பக்கப் பின் சக்கரம் விளிம்பில் இறங்கி மோதியது. அதன்பிறகு ஸ்டியரிங் வளையம் இடப்பக்கம் சரிந்து நின்றது. முதல் அலைன்மென்ட் அதற்காக. மார்கழியில் "டக்" சத்தம் தொடங்கியது. அதற்காகக் கிளச் மாற்றினார்கள். கிளச் மாற்றிய மறுகிழமைதான் இரைச்சல் வந்தது. அதற்குச் சக்கர பலன்ஸ். அலைச்சல் தையில். அதற்கு டை ரொட், இன்னோர் அலைன்மென்ட், கடைசியில் ஸ்டியரிங் பெட்டி. இறுக்கம் அதற்குப் பிறகு.

தாளைப் பார்த்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. இரைச்சல் கிளச் வேலைக்குப் பின் வந்தது, இறுக்கம் பெட்டி வேலைக்குப் பின் வந்தது. நான்கு முறைப்பாட்டில் இரண்டு, மருந்தால் வந்த நோய். மற்ற இரண்டும் மதகடிக்குப் பின் வந்தவை.

இதை எழுதி வைத்துக்கொண்டும் நான் முதல் அரை நாளை முன்பக்கத்திலேயே செலவழித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் என்றால் கை முன்னுக்குத்தான் போகிறது. முன் சக்கரங்களை ஜக்கில் தூக்கி, ஒரு விரலால் வளையத்தைச் சுழற்றினேன். இரு ஓரங்களிலும் இலகுவாக ஓடியது, நடுவில் வந்ததும் கட்டிக்கொண்டது. பெட்டியை அந்தத் தண்டுகளோடு இணைக்கும் பிற்மன் ஆம் என்ற கையைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சுழற்றினாலும் அதே இடத்தில் அதே கட்டு. ஆக, இறுக்கம் பெட்டிக்குள்தான்.

இந்த வகைப் பெட்டியின் மேல் மூடியில் ஒரு திருகும் அதைப் பூட்ட ஒரு நட்டும் இருக்கும். உள்ளே இருக்கும் பற்பகுதிக்கும் குண்டு நட்டுக்கும் இடையிலான இடைவெளியை அந்தத் திருகு நிர்ணயிக்கிறது. நேராகப் போகும் நிலையில் அந்த இடைவெளி மிகக் குறைவாக இருக்கும்படியும், ஓரங்களுக்குப் போகப் போகக் கூடும்படியும்தான் பெட்டியைச் செய்கிறார்கள். வளையத்தில் ஆட்டம் கூடிவிட்டது என்று அந்தத் திருகை இறுக்கினால் நடு இடம் பிடித்துக்கொள்ளும். வளைவில் திரும்பிய பிறகு வளையம் தானாக நேருக்கு வராது. ஓட்டுநர் கையால் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும்போது கொஞ்சம் தாண்டிவிடும். மறுபடி திருப்ப வேண்டும். இதுதான் "மாடு". ஆட்டத்தைப் போக்க இறுக்கிய திருகே அலைச்சலைக் கூட்டியிருக்கிறது.

அந்தத் திருகைத் தொடுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ஆனால் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். தொண்ணூறுகளில் போரின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் உதிரிப்பாகம் வராது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. தேய்ந்ததை மாற்ற வழியில்லாதபோது இறுக்குவதுதான் திருத்தம். என் தொழிலை நானும் அப்படித்தான் படித்தேன். கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்து, கார்ப்பெட் போட்டு, கொழும்பிலிருந்து மறுநாள் சாமான் வருகிற காலத்திலும் கை மட்டும் இன்னும் தடைக்குள்ளேயே இருக்கிறது.

உண்மையான ஆட்டம் எங்கே? சக்கரங்களைத் தரையில் இறக்கி, வானின் உதவியாளர் பையனை ஏற்றி, வளையத்தை இடமும் வலமும் சிறிதாக ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே படுத்தேன். பெட்டி பூட்டிய இடத்தில் அசைவில்லை. டை ரொட் முனைகள் புதியவை, இறுக்கம். ஆனால் தண்டுகளை மறுபக்கத்தில் தாங்கும் கையான இடப்பக்க ஐட்லர் ஆம், பக்கவாட்டில் போக வேண்டியது, மேலும் கீழுமாகத் தலையாட்டியது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன்: 5 மில்லிமீற்றர். உள்ளே இருந்த புஷ் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. இத்தனை கைகள் தொட்டுப்போன முன்பக்கத்தில் ஒரு கையும் அதைத் தொடவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் இரண்டு டை ரொட்டுகளின் நீளத்தையும் அளந்தேன். 3 மில்லிமீற்றர் வித்தியாசம். இந்த அமைப்பில் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அலைன்மென்ட் செய்தவர் சரிந்த வளையத்தை நேராக்குவதற்காக ஒன்றை நீட்டி மற்றதைக் குறைத்திருக்கிறார். வளையம் நேராகிவிட்டது. வளையம் ஏன் சரிந்தது என்ற கேள்வி அத்தோடு மறைந்துபோனது.

கீழே இருந்து எழும்பும்போது உதவியாளர் பையன் சொன்னான்: "பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் சில பேர் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள், அண்ணை. வான் நண்டு மாதிரிப் போகிறதாம்." வான்காரர் அவனை முறைத்தார். வாங்க வருகிறவன் காதில் விழக்கூடாத செய்தி அல்லவா.

கராச் வாசலில் சீமெந்துத் தரை, அதற்கப்பால் காய்ந்த கிரவல். சீமெந்தில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, வானை அதன் ஊடாக நேராக ஓட்டச் சொன்னேன். கிரவலில் நான்கு சக்கரத்தின் ஈரத் தடமும் விழுந்தது. இடப்பக்கத்தில் பின் சக்கரத் தடம் முன் சக்கரத் தடத்துக்கு வெளியே, வலப்பக்கத்தில் உள்ளே. பின் அச்சின் அகலம் மட்டும் வேறாக இருந்தால் இரு பக்கமும் உள்ளே அல்லது இரு பக்கமும் வெளியே விழும். இங்கே இரண்டும் இடப்பக்கமாக, ஏறக்குறைய ஓர் அங்குலம் நகர்ந்திருந்தன. வெயிலில் அந்த ஈரம் காய்வதற்குள் மூன்று பேரும் குந்தியிருந்து பார்த்தோம். பையனுக்குத்தான் பெரிய சந்தோசம்.

பிறகு மேசனிடம் வாங்கிய தூக்குக்குண்டு. ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் தரைக்கு விட்டுச் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் வலப்பக்கம் 250.4 சென்ரிமீற்றர், இடப்பக்கம் 251.9. இடப்பக்கப் பின் சக்கரம் 15 மில்லிமீற்றர் பின்னால் நின்றது.

15 மில்லிமீற்றர் என்றால் சின்ன விரலின் அகலம்தான். ஆனால் இரு சக்கரங்களுக்கும் இடையே 1.42 மீற்றர். அந்த அகலத்தில் இந்த வித்தியாசம் அச்சை 0.6 பாகை திருப்பிவிடுகிறது. பின் அச்சு இடப்பக்கம் நோக்கித் தள்ளும். வான் நேராகப் போக வேண்டுமானால் முன் சக்கரங்களும் அதே 0.6 பாகை இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஸ்டியரிங் வளையம் இருபது பாகை சுற்றினால் சக்கரம் ஒரு பாகை திரும்புகிற பெட்டி இது. ஆகவே வளையத்தில் 12 பாகை, கடிகார முகத்தில் இரண்டு நிமிடத் தூரம். கார்த்திகையில் வளையம் சரிந்த அளவைக் கையால் காட்டச் சொன்னபோது அவர் காட்டியதும் அவ்வளவுதான்.

ரயர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. நான்கு சக்கரமும் ஒரே திசையில்தான் உருண்டன. உடல் மட்டும் சற்றுக் கோணலாக அவற்றின் மேல் உட்கார்ந்து போனது. உரசல் இல்லை, ஆகவே ஒருபக்கத் தேய்மானமும் இல்லை.

பின் இடப்பக்க ஸ்பிரிங்கைக் கழுவினோம். அச்சுக் குழாய் உட்காரும் பீடத்துக்கும் பட்டைக்கும் இடையே, சேறு போன பிறகு, நகத்தளவு அகலத்தில் பளபளவென்று ஒரு கோடு. அங்கே இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்திருக்கிறது. அச்சை ஸ்பிரிங்கோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளின் நட்டுகளில் ஸ்பனரை வைத்தேன். நான்கில் மூன்று, கையழுத்தத்தில் சுற்றின. கழற்றியபோது, பட்டைகளை நடுவில் ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் இரண்டு துண்டாக வந்தது. உடைந்த முகத்தின் பெரும்பகுதி கறுத்துத் துருவேறியிருந்தது. ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறம். ஆவணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து வந்தது மதகடியில் முழுதாக அறுந்திருக்கிறது.

பட்டை கூட்டிப் போட்டவர் பழைய யூ போல்ட்டுகளையே திரும்பப் போட்டிருந்தார். பட்டை கூடினால் அடுக்கின் உயரம் கூடுகிறது. நட்டு ஏற வேண்டிய இழை குறைகிறது. புதிதாக அடுக்கிய பட்டைகள் ஓடி அமர்ந்த பிறகு நட்டுகள் தளர்வது இயல்பு, சில நூறு கிலோமீற்றரில் திரும்ப இறுக்க வேண்டும். யாரும் இறுக்கவில்லை. அச்சைப் பட்டையோடு நகராமல் பிடிப்பது யூ போல்ட்டின் இறுக்கம்தான். அது தளர்ந்தால் சுமை முழுவதும் விரல் தடிப்புள்ள சென்டர் போல்ட்டின் மேல் வந்து விழுகிறது.

"டக்" சத்தத்துக்கும் இதுவே பெரும்பங்கு காரணம். கிளச் பிடிக்கும் கணத்தில் பின் அச்சுக் குழாய் எதிர்த்திசையில் முறுகப் பார்க்கும். பிடிமானம் தளர்ந்திருப்பதால் அது பீடத்தில் புரண்டு அடித்திருக்கிறது. மீதிப் பங்கு, இயந்திரத்தின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புறொப்பெல்லர் ஷாஃப்டின் மடங்கு மூட்டான யூனிவர்சல் ஜொயின்டில். இங்கே வன்னிக்கே உரிய ஒரு மறைப்பு. ஜொயின்டின் மூடியோரத்தில் செம்பொடி கசிந்திருந்தால், உள்ளே கிறீஸ் வற்றி ஊசி உருளைகள் துருப்பிடிக்கின்றன என்று பொருள். ஆனால் கிரவல் வீதியில் ஓடும் வானின் அடிப்பக்கம் முழுவதுமே செம்பொடிதான். யார் பார்ப்பார்? விரலில் தொட்டுத் தேய்க்க வேண்டும். கிரவல் தூசி நறநறக்கும். துருப்பொடி குங்குமம் போல வழுக்கும். பின் ஜொயின்டில் குங்குமம். கழற்றினால், ஜொயின்டின் நடுவிலுள்ள சிலுவைக் கட்டையின் கைகளில் ஊசி உருளைகள் பதிந்த கோடுகள், விரல் நகத்தால் எண்ணலாம்.

புதிய யூ போல்ட்டுகள், புதிய சென்டர் போல்ட்டுகள், இரண்டு ஜொயின்ட். அச்சை இடத்துக்குத் தள்ளி, குண்டு விட்டு அளந்து, வான் தன் பாரத்தோடு தரையில் நிற்கும்போது நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினோம். இரு பக்கமும் 2 மில்லிமீற்றருக்குள் வந்தது. நான் எதிர்பார்த்தபடியே ஸ்டியரிங் வளையம் இப்போது வலப்பக்கம் 12 பாகை சரிந்தது. வான்காரரின் முகம் மாறியது. டை ரொட்டுகளைச் சம நீளமாக்கியதும் வளையம் நேரானது, அவர் முகமும்தான்.

ஐட்லர் ஆம் வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தோம். வந்ததைப் பூட்டிய பிறகே பெட்டித் திருகைத் தொட்டேன். கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் வளையத்தை ஓரத்திலிருந்து ஓரம் ஓட்டி, நடுக் கட்டு போன இடத்தில் நிறுத்தினேன். விளிம்பில் 2 சென்ரிமீற்றர் ஆட்டம் மிஞ்சியது. அந்த ஆட்டம் இருக்கத்தான் வேண்டும் என்று அவரை நம்பவைப்பது ஐட்லர் ஆம் பூட்டுவதைவிடக் கடினமாக இருந்தது. பெட்டிக்குள் ஒயில் பாதிக்குக் கீழே. 90 கியர் ஒயில் நிரப்பினோம்.

ஏ9இல் வடக்கே முறிகண்டி வரை ஓட்டிப் பார்த்தோம். புறப்படும்போது சத்தம் இல்லை. வளைவு கழிந்ததும் வளையம் தானாக வந்தது. 55ஐத் தாண்டியதும் இரைச்சல் அப்படியே இருந்தது.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்பது போல நாமும் நின்றோம். அவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நான் கச்சான் வாங்கிக்கொண்டு கணக்குப் பார்த்தேன். இந்த ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் உருளும். மணிக்கு 60 என்றால் விநாடிக்கு எட்டுச் சுற்று. சக்கரத்தில் பிழை இருந்தால் விநாடிக்கு எட்டு உதறல் வரும், வளையம் கையில் ஆடும். இதுவோ ஆசனத்தின் கீழ் ஒரு கூச்சம், எண்ண முடியாத வேகம். புறொப்பெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிட நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது, விநாடிக்கு 34. யூனிவர்சல் ஜொயின்டின் குறை ஒரு சுற்றுக்கு இரு தடவை வெளிப்படும், ஆகவே 68. தேனீக் கூட்டுக்கு இதுதான் பொருத்தமான எண். சக்கர பலன்ஸுக்குக் கொடுத்த காசு வீண் என்பதும் அதே கணக்கில் தெரிந்தது.

கோணத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜொயின்டும் ஒரு சுற்றுக்குள் இரு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். அடுத்த ஜொயின்ட் அதற்கு நேரெதிராகச் செய்து சமன்படுத்துகிறது. அதற்கு இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இந்த வானில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பெயாரிங், பின்துண்டில் நீள்பல் இணைப்பு. கழற்றிப் பூட்டும்போது பல் தவறினால் சமன்பாடு போய்விடும். கிளச் மாற்றுவதற்கு அந்த ஷாஃப்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ஷாஃப்டை நானும் கழற்றினேனே? கழற்றுவதற்கு முன் இரு துண்டிலும் பொட்டுக் குறி அடித்து, அந்தக் குறிப்படியே பூட்டினேனே? அதுதான் விஷயம். பிழையாகப் பூட்டியிருந்ததை மிகக் கவனமாகக் குறித்து, மிகக் கவனமாக அதே பிழையோடு திரும்பப் பூட்டியிருக்கிறேன். கராச்சுக்குத் திரும்பிக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, முப்பது வருட அழுக்கின் அடியில் செய்தவர்கள் வெட்டிய இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன. இரண்டு பல் தள்ளி நின்றன. நேர்ப்படுத்திப் பூட்டினோம். அன்று பின்னேரம் மறுபடி ஏ9. 70 வரை போனோம். அவர் வானொலியைப் போட்டார். பல மாதமாக அது கேட்கவில்லை என்றார்.

இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷலின் ஒயிலை இறக்கியபோது பால் தேநீர் நிறத்தில் வந்தது. குழாயின் மேல் உள்ள சுவாசக் குழலைச் சேறு அடைத்திருந்தது. ஓடிச் சூடான குழாய் வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்குகிறது. சுவாசக் குழல் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அவர் இதைப் பற்றி முறைப்பாடே சொல்லவில்லை. பற்கள் இன்னும் நன்றாக இருந்தன. ஒயிலை இரண்டு தடவை மாற்றினோம். அப்படியே விட்டிருந்தால் இன்னொரு மாரியைத் தாண்டியிருக்காது.

மொத்தச் செலவு, பாவித்த ஸ்டியரிங் பெட்டிக்குச் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவு. முன்பு வீணாகப் போட்ட புதிய கிளச்சுக்கும் பலன்ஸுக்கும் கொடுத்த பணத்தை அதில் சேர்க்கவில்லை. அதை அவர் இன்னும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

500 கிலோமீற்றரில் வரச் சொன்னேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு மூன்று ஓட்டம் பேசியாகிவிட்டது என்ற செய்தியோடு. வானை விற்கும் கதை எழவில்லை. நட்டுகளில் ஸ்பனரை வைத்தேன். வலப்பக்கம் அசையவில்லை. இடப்பக்கம் இரண்டு நட்டுகள் கால் சுற்று இறங்கின. பையன் கேட்காமலேயே தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு சீமெந்துத் தரைக்குப் போனான்.